கோமதிக்கு மட்டும் கமர்கட்டு இல்லை

பெயர் திருமலைக்கொழுந்து. நீளம். கொழுந்து என்றே வைத்துக்கொள்வோம்.

பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவன். ஒரு வகுப்பில் அறுபது பிள்ளைகளை அடைத்துவைத்து என்னத்தைச் சொல்லிக்கொடுக்க என்று வேலையை விட்டான். வயல் இருந்தது, கஞ்சிக்குப் பஞ்சமில்லை. என் பிள்ளைகளுக்கு நானே வாத்தியார் என்றான். பிள்ளைகள் எட்டு. கூடத்துக்குக் கரும்பலகை வந்தது. பின்னாலேயே மணியும் வந்தது. காலை ஏழுக்கு மணி அடித்தால் எட்டும் பாயில் இருக்க வேண்டும்.

அந்த வீட்டில் ஒரு சட்டம். கேள்வி கேட்டால் யார் முந்திச் சொல்கிறார்களோ அவர்களுக்கு ஊஞ்சல். அடுத்த கேள்வி வரும்வரை ஆடலாம். பிள்ளைகள் போட்ட கூச்சலில் பக்கத்துத் தெருவுக்கும் வாய்ப்பாடு மனப்பாடம் ஆகிவிட்டது.

ஐந்தாவது பெண் கோமதி மட்டும் ஊஞ்சலில் ஏறியதே இல்லை. ஒன்பது வயது. புத்தகத்தைக் கொடுத்தால் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

கொழுந்து இரண்டு வருஷம் பொறுத்தான். பிறகு முடிவெடுத்தான். திங்கட்கிழமை அவளை மதுரையில் தன் தங்கை வீட்டில் கொண்டுபோய் விடுவது. அங்கேயே தங்கிப் பள்ளிக்கூடம் போகட்டும். பெண்டாட்டி உலகம்மாள் ஒரு பையில் பாவாடை சட்டைகளை எடுத்துவைத்தாள். அவனோடு பேசவில்லை. கோமதியும் பேசவில்லை. அவள் பேசாதது அந்த வீட்டில் யாருக்கும் புதிதாகத் தெரியவில்லை.

ஆனால் கொழுந்துக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை மலையடி மடத்துக்குப் போனான். அவனுடைய குரு அங்கே இருந்தாள். மடத்தம்மா என்பார்கள். அவனைவிட மூன்று வயது சின்னவள். இருந்தாலும் இவன் கைகட்டித்தான் நிற்பான். அவளுக்கும் யாரையும் உட்காரச் சொல்லிப் பழக்கமில்லை.

"அம்மா, ஏழு பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறுது. ஒண்ணுக்கு மட்டும் ஏற மாட்டேங்குது. அனுப்பிரலாம்னு இருக்கேன். சரியாம்மா?"

"நாளைக்கு உங்க வீட்ல என்ன குழம்பு?"

கொழுந்து விழித்தான். "வீட்ல கேட்டுத்தான் சொல்லணும்."

"கேட்டு வை. வாரேன்."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வந்துவிட்டாள். கூடத்துப் பாயில் உட்கார்ந்தாள். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தார்கள். கோமதியைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏட்டி, உன் பேரென்ன?"

"கோமதி!" என்றாள் மூத்தவள் வேலம்மை.

"வயசு?"

"ஒம்பது!" என்றார்கள் இரட்டைப் பையன்கள் இரண்டு பேரும்.

"உனக்கு என்ன குழம்பு பிடிக்கும்?"

"கத்திரிக்காக் குழம்பு" என்றான் கொழுந்து.

கோமதி ஒவ்வொரு தடவையும் வாயைத் திறந்தாள். ஒவ்வொரு தடவையும் வேலை முடிந்துவிட்டது என்று மூடிக்கொண்டாள்.

"இவளுக்கு நாக்கு இருக்கா இல்லையா?"

"இருக்கு" என்றான் கடைக்குட்டி. "நேத்து என்கிட்ட துருத்திக் காட்டுனா."

எல்லோரும் சிரித்தார்கள். மடத்தம்மா சிரிக்கவில்லை. மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். உள்ளே கமர்கட்டு. வெல்லமும் தேங்காயும் சேர்த்துக் காய்ச்சி உருட்டினது. கல்லு மாதிரி. வாயில் போட்டால் மேல்தாடையும் கீழ்த்தாடையும் சொந்தக்காரர்கள் ஆகிவிடும்.

கோமதியை விட்டுவிட்டு ஏழு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தாள். உலகம்மாளுக்கு ஒன்று. கொழுந்துக்கும் ஒன்று.

"எனக்கெதுக்கும்மா?"

"போடு வாயில."

போட்டான்.

"கடிக்கக் கூடாது. துப்பக் கூடாது. கரையுற வரைக்கும் ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது."

கோமதி கையை நீட்டினாள். அவள் கைக்குக் கமர்கட்டு வரவில்லை. பொட்டலம் கட்டியிருந்த காகிதம் வந்தது. பழைய செய்தித்தாள், பிசுபிசுப்போடு.

"நீ இதை வாசி."

கொழுந்து வேண்டாம் என்று கையை ஆட்டினான். குருவுக்கு முன்னால் மானம் போகப் போகிறது. வாயில் கமர்கட்டு. ஒன்றும் செய்வதற்கில்லை.

கோமதி காகிதத்தைப் பார்த்தாள். பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பஸ்... ஸில்" என்றாள். "பஸ்ஸில் ஏறிய... குரங்கு."

இரட்டையரில் ஒருவன் மூக்கால் சிரித்தான்.

"காலை... ஒன்பது மணி... பஸ்ஸில்... ஒரு குரங்கு... ஏறியது. அது... ந..."

நின்றுவிட்டாள்.

சுவர்க் கடிகாரத்தின் சத்தம் கேட்டது. வேலம்மையின் கன்னம் துடித்தது. இரட்டையரில் மற்றவன் விரலால் தரையில் ஏதோ எழுதிக்காட்டப் போனான். மடத்தம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். கோமதிக்கு உதடு மட்டும் அசைந்தது. அவளுக்கு வேர்க்கவில்லை, வேர்த்தது கொழுந்துக்குத்தான். ந. பஸ். ந. பஸ்ஸில் வேறு என்ன இருக்கும்? சொல் அவன் தொண்டைவரை வந்து உட்கார்ந்துகொண்டது.

கடக்.

"நடத்துனர்!" என்று கத்தினான். பல்லெல்லாம் கமர்கட்டு ஒட்டியிருந்தது. "நழத்துழர்" என்றுதான் கேட்டது.

உலகம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். பிள்ளைகள் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு பாயில் உருண்டார்கள்.

கோமதி நிமிர்ந்து பார்த்தாள்.

"இல்லப்பா. நடுச்சீட்டு. குரங்கு நடுச்சீட்டுல போயி உக்காந்திருக்கு." கொஞ்சம் நிறுத்தினாள். "நான் வந்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

இரண்டு வருஷத்தில் அவள் அவனிடம் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. கொழுந்து பல்லில் ஒட்டியதை நாக்கால் துழாவிக்கொண்டு தலையைக் குனிந்தான்.

அவள் மேலே வாசித்தாள். கண்டக்டர் டிக்கெட் கேட்டிருக்கிறார். குரங்கு பல்லைக் காட்டியிருக்கிறது. பக்கத்துச் சீட்டுப் பெரியவர் தன் வாழைப்பழச் சீப்பை மடியில் மறைத்திருக்கிறார். குரங்கு மெதுவாகத் திரும்பி அவர் மடியைப் பார்த்திருக்கிறது.

கோமதி நிறுத்தினாள். எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள்.

"ம்?" என்றாள் வேலம்மை, வாயைத் திறக்காமலே.

"ம்ம்?" என்றாள் உலகம்மாள்.

"அவ்வளவுதான்" என்றாள் கோமதி. "கிழிஞ்சிருக்கு."

ஒன்பது வாயிலிருந்தும் ஒரே முனகல். கோமதி சிரித்தாள். "தாத்தா எந்திரிச்சு நின்னுருப்பாரு. பழத்தை அதுக்கு டிக்கெட்டா கொடுத்திருப்பாரு" என்று தன் பாட்டில் சொல்லிக்கொண்டே போனாள். யாரும் குறுக்கே பேசவில்லை. அதற்குள் எல்லோருக்கும் கமர்கட்டு கரைந்திருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

சாப்பாடு ஆயிற்று. கோமதி கேட்டு வாங்கிய புளிக்குழம்பு. கத்திரிக்காய் அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காதாம்.

உலகம்மாள் மதுரைக்குக் கட்டிய பையைப் பிரித்து, பாவாடைகளை ஒவ்வொன்றாக உதறிக் கொடியில் போட்டாள். கொழுந்து பார்த்தான். கீழே விழுந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தான்.

குருவை வழியனுப்ப வாசல்வரை வந்தான். நின்றான். தலையைச் சொறிந்தான்.

"என்ன? சீக்கிரம் சொல்லு, வெயில் கொளுத்துது."

"இல்லம்மா, ஒரு துண்டுக் காகிதத்துக்கே அரை மணி நேரம் ஆகுது. எட்டுப் பிள்ளைக்கும் இப்படி வாயைக் கட்டிக்கிட்டு உக்காந்தா, நான் எப்பம்மா முடிக்கது?"

மடத்தம்மா செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"எதை?" என்றாள்.