விழாத ரேகை

"சாமி, நான் சட்டப்படிதான் நடக்கிறேன். ஆனாலும் மனசு அடங்கமாட்டேங்குது."

சொன்னவர் திருமேனிநாதன், வருவாய் ஆய்வாளர். ஓய்வுபெற இன்னும் மூன்றே வருஷம். மடத்துச் சாமியாருக்கு அவரைவிட இருபது வயது குறைவு. ஆனாலும் சனிக்கிழமை தவறாமல் வந்து காலடியில் உட்கார்ந்துவிடுவார்.

"யார் வந்து கலைக்கிறார்கள்?"

"ஒச்சம்மான்னு ஒரு கிழவி. முப்பது வருஷம் சுண்ணாம்புக் காளவாசல்ல வெந்தவ. முதியோர் பென்ஷன் வாங்குது. உசிரோட இருக்கான்னு வருஷத்துக்கு ஒருதரம் மெஷின்ல விரல் வைக்கணும். வைக்கிறா. ரேகை விழலை. பென்ஷன் நின்னு மூணு மாசம் ஆச்சு. 'நான்தான் சாமி, உசிரோடதான் இருக்கேன்'ங்கிறா. 'வெரலைத் தொடச்சிட்டு வை'ங்கிறேன். நான் வேற என்ன செய்ய?"

"வேறு வழியே இல்லையா?"

"இருக்கு. வீட்டுக்கே போய் விசாரிச்சு நானே எழுதித் தரலாம். நாளைக்கு ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆச்சுன்னா என் தலையில்ல உருளும்?"

சாமியார் முற்றத்துத் தொட்டியைக் காட்டினார். சுண்ணாம்புக்கல் தண்ணீரில் கொதித்துக்கொண்டிருந்தது.

"லீவு போட்டுவிட்டு வெள்ளையடித்துக் கொடுங்கள்."

"மனசுக்கா சாமி?"

"சுவருக்கு."

பத்து நாள் அடித்தார். கையாலேயே கரைத்தார். விரல் நுனியெல்லாம் வெந்து உரிந்தது. சாமியார் தேங்காயெண்ணெய் கொடுத்தார். உபதேசம் என்று ஒரு வார்த்தை கொடுக்கவில்லை.

சுவர் வெளுத்தது. மனசு அப்படியேதான் இருந்தது.

பதினோராம் நாள் ஆபீஸ். வாசலில் வருகைப்பதிவு மெஷின். விரலை வைத்தார்.

சிவப்பு விளக்கு.

மறுபடி வைத்தார். மறுபடியும் சிவப்பு.

"விழலையே சார்," என்றார் உதவியாளர் மாசிலாமணி. "விழாட்டி ஆப்சென்ட்டுதான்."

"யோவ், நான்தான்யா! உன் கண்ணு முன்னாலதானே நிக்கிறேன்?"

"எனக்குத் தெரியுது சார். மெஷினுக்குத் தெரியணுமே."

மனு வரிசையில் நின்ற ஒச்சம்மா எட்டிப் பார்த்தாள். முகத்தில் கேலி இல்லை. பரிதாபம்தான்.

"வெரலை நல்லாத் தொடச்சிட்டு வைங்க சாமி."

திருமேனிநாதன் சட்டையில் விரலைத் துடைத்தார். மெஷின் பக்கம் போன கை பாதியில் நின்றது.

"ஆத்தா, உங்க வீடு எந்தத் தெரு?"