நின்றுபோன அழைப்பு

ஒரு ஊரில் ஒரு டாக்டரம்மா இருந்தார். இருந்தார் என்றால் நேற்றோடு போய்விட்டார் என்று அர்த்தமில்லை. மேகமெல்லாம் ஊர் ஊராகப் பெய்துவிட்டு மிச்சத்தைக் கொட்டுகிற ஒரு மலையடிவாரத்தில் இன்றைக்கும் இருக்கிறார். மரகதவல்லி என்று பெயர். சர்க்கரை, இரத்தக்கொதிப்பு என்று தீராத நோயோடு காலம் தள்ளுகிற வயசாளிகளுக்காக ஒரு சின்ன ஆஸ்பத்திரி வைத்திருந்தார்.

அவரிடம் ஒரு சீடன். பரிதி. கம்ப்யூட்டர் படித்து, அது போதாதென்று வைத்தியமும் படித்தவன். அவன் வந்த பிறகு நோயாளிகளின் விவரமெல்லாம் கம்ப்யூட்டருக்குள் போனது. மாத்திரை தீரும் நேரத்தில் அதுவே போன் போட்டு, டாக்டரம்மாவின் குரலில் பேர் சொல்லிக் கூப்பிடும். அந்தக் குரலுக்காகவே வந்தவர்கள் உண்டு. சிலர் அந்தப் போனிடம் பேரன் கல்யாணம்வரை சொல்லிவிட்டுத்தான் வைப்பார்கள்.

வாசலில் ஒரு கம்ப்யூட்டர் திரை. சர்க்கரை கட்டுக்குள் இருப்பவர்கள் பேர் அதில் பச்சை. கட்டுக்குள் இல்லாதவர்களும் வராதவர்களும் சிவப்பு. கொஞ்ச நாளாகத் திரை வாழைத்தோப்பு மாதிரிப் பச்சையாகிக்கொண்டே வந்தது. இதையே மாவட்டம் முழுக்க வைக்கலாமா என்று பார்க்க அதிகாரிகள் வருவதாக இருந்தது. அன்றைக்குக் காலையில்தான் உலகம்மாள் ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

ஆட்டோவுக்குள் அவள் புருஷன் மாசானம். சர்க்கரைப் புண் முற்றி வலது பாதம் கறுத்திருந்தது.

டாக்டரம்மா துணியைப் பிரித்துப் பார்த்தார். ஆம்புலன்சைக் கூப்பிடச் சொன்னார். கால் பிழைக்குமா என்று உலகம்மாள் கேட்டதற்கு, பாதம் போய்விடும், முழங்காலையாவது காப்பாற்றப் பார்ப்பார்கள் என்றார்.

"இத்தனை நாள் ஏம்மா கூட்டிட்டு வரலை?" பரிதிதான் கேட்டான். கேட்டிருக்க வேண்டாம்.

"எங்க ஊருக்கு பஸ்ஸ நிப்பாட்டிட்டான். இவுகளால நடக்க முடியல. போன் வந்துக்கிட்டு இருந்துச்சு, சரி, எப்பிடியாவது போயிருவோம்னு இருந்தோம். பெறகு போனும் நின்னுபோச்சு. ஆஸ்பத்திரியே கூப்பிடலைன்னா சீக்கு கொணமாயிட்டுன்னுதானய்யா நெனைப்போம்? கோயில்ல பொங்கல்கூட வச்சேன்."

ஆம்புலன்ஸ் அவர்களை ஏற்றிக்கொண்டு போனது. போன் ஏன் நின்றது என்று டாக்டரம்மா கேட்டார்.

மூன்று மாதம் வராதவர்களைக் கம்ப்யூட்டர் தானாகப் பட்டியலிலிருந்து கழித்துவிடும், அப்படித்தான் அமைத்திருக்கிறேன் என்றான் பரிதி. "வராதவங்களை வச்சுக்கிட்டு என்ன பண்றது மேடம்? அவங்க சர்க்கரை எவ்வளவுன்னே நமக்குத் தெரியாது. கணக்குதான் கெடும்."

 டாக்டரம்மா விருட்டென்று உள்ளே போனார்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம். மத்தியானம் எல்லாருக்கும் ஒரே பானைச் சோறு. கடைசி ஆள் வந்து உட்காரும்வரை டாக்டரம்மா கரண்டியைக் கீழே வைக்க மாட்டார். அன்றைக்குப் பரிதி அதிகாரிகளோடு போனில் பேசிவிட்டு வருவதற்குள் அவர் பானையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டாச்சு. நூத்துக்கு நூறு," என்றார்.

"நான் சாப்பிடலையே மேடம்."

"நீதான் வரலையே."

கம்பவுண்டருக்குச் சிரிப்பு வந்தது. டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டார்.

பரிதிக்கும் சுள்ளென்று கோபம். ஒரு பிடிச் சோற்றை வைத்தா இத்தனை பேர் முன்னால் குத்திக்காட்டுவது? அதே வேகத்தில் போய்க் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, கழிக்கப்பட்டவர்களை எடுத்துப் பார்த்தான். பக்கவாதத்தில் படுத்துவிட்டவர். கண் மங்கிப்போனவர். கூட்டிவர ஆளில்லாதவர். பார்க்கப் பார்க்க அவன் கோபம் டாக்டரம்மாவை விட்டு இறங்கித் தன்மேலேயே ஏறியது. நோய் முற்றியவர்கள் அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள். அவர்களை வெளியே தள்ளித்தான் திரை பச்சையாகியிருந்தது.

அமைப்பை மாற்றினான். செத்தாலொழிய இனி யார் பேரும் கழியாது; வராதவர்கள்தான் எல்லாருக்கும் முதலில் நிற்பார்கள். அதிகாரிகளைப் போனில் கூப்பிட்டு, முன்பு அனுப்பிய கணக்கு தப்பு என்றான். அப்படியானால் வருவதற்கில்லை என்று அவர்கள் வைத்துவிட்டார்கள். வாசல் திரை மிளகாய் காயப்போட்ட களமாகச் சிவந்து கிடந்தது.

உள்ளே போய்ச் சொன்னான். "மேடம், கழிச்சவங்க எல்லாரையும் திரும்பக் கொண்டுவந்துட்டேன்."

டாக்டரம்மா பைக்குள் பஞ்சும் கட்டுத்துணியும் மருந்தும் திணித்துக்கொண்டிருந்தார். கோபம் தணிந்தபாடில்லை. நிமிராமலே கேட்டார்.

"பேரைக் கொண்டுவந்திருக்கே. ஆளு எங்கே?"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கி, கிழக்கே போகிற பாதையில் நடந்தார்.

 பரிதி இன்னொரு பையை எடுத்து நிரப்பி, மேற்கே பார்த்து நடந்தான்.