காணாமல் போன சூடு

சென்னியப்பனின் அரிசி ஆலையில் நெல் அவிக்கும் அடுப்புக்கு விறகு தள்ளும் இரண்டு பெண்களில் ஒருத்தி பாவாயி. எரிக்கிற விறகில் எவ்வளவு சூடு தண்ணீருக்குப் போய்ச் சேருகிறது என்று கணக்குப் பார்க்க முதலாளி ஒரு இன்ஜினியரைக் கூட்டி வந்தார். அவர் தண்ணீரை அளந்தார், புகையை அளந்தார். அனல் அடிக்கிறதென்று அடுப்புப் பக்கம் மட்டும் போகவில்லை. "கால்வாசி சூட்டைக் காணோம் சார்" என்றார்.

முதலாளிக்கு அது போதாதா? "சூடு எங்க போகும்? இவதான் விறகை வீட்டுக்குக் கடத்தறா! ஏ பாவாயி, காணாமப் போனதை இப்பவே காட்டு. இல்லேன்னா போலீஸ்தான்."

"காட்டறனுங்க. நான் நிக்கிற எடத்துல வந்து நில்லுங்க."

முதலாளி விறைப்பாக வந்து அடுப்பு வாய்க்கு நேரே நின்றார். விறகு தள்ளத் தடங்கல் என்று அடுப்பின் இரும்புக் கதவைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டவரே அவர்தான். பாவாயி நாலு கட்டையை உள்ளே தள்ளினாள். வேட்டியைத் தூக்கிக்கொண்டு அலறிக் குதித்தார் முதலாளி.

"ஓடாதீங்க, காணாமப் போன சூடு அதுதானுங்க! தெனமும் நான்தான் மேல வாங்கிட்டு நிக்கறன்" என்று வெந்து கறுத்த கைகளை நீட்டினாள். நெல் அள்ளிக்கொண்டிருந்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

மறுவாரமே புதுக் கதவு வந்தது, விறகுச் செலவு குறைந்தது. இனி அடுப்புக்கு இரண்டு பேர் எதற்கு, ஒருத்தி போதும் என்றார் முதலாளி. யாரை நிறுத்தினார் என்று சொல்லவா வேண்டும்?

ஆலை வாசலில் எதிர்ப்பட்ட இன்ஜினியரிடம் பாவாயி கேட்டாள்: "வெளிய போன சூட்டை நிறுத்திட்டீங்க. இப்ப நான் வெளிய போறனே, இது எந்தக் கணக்குலங்க?"