முதல் அறுநூறு மீட்டர்

"என் கணக்கு எங்கே தப்பாப் போச்சு மாஸ்டர்?"

லாயத்து வாசலில் நின்றபடியே கேட்டார் வரதன். நாலு நாளாகச் சவரம் செய்யாத முகம்.

குதிரைக்கு உடம்பு தேய்த்துக்கொண்டிருந்த பீட்டர் மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். அவர் பழைய குதிரைப் பந்தய ஜாக்கி. இடுப்பு உடைந்தபின் பந்தயத்தில் ஏறுவதில்லை. வரதனைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் வரதனுக்கு அவர்தான் மாஸ்டர்.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரான வரதனுக்கு, பந்தயத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். எந்தக் குதிரை வேகமானது என்று பார்க்காதீர்கள், அந்த வேகத்தை எங்கே செலவழிக்கிறது என்று பாருங்கள் என்றார்.

வரதன் அதை எண்களாக்கினார். ஒவ்வொரு குதிரைக்கும் நூற்றுக்கு இரண்டு மதிப்பெண்கள். கிளம்பும் வேகத்துக்கு ஒன்று, முடிக்கும் வேகத்துக்கு ஒன்று. ஒன்பது வருட உழைப்பு. பயிற்சியாளர்களே வந்து கேட்டுப் போனார்கள்.

"ஆம்பல் குதிரைக்கு என்ன மார்க் போட்டிருந்தீங்க சார்?"

"முடிக்கிற வேகம் தொண்ணூத்தி நாலு. எப்பவும் பின்னால இருந்து வர்றவ. இவ்வளவு பலத்தையும் கடைசிவரைக்கும் பூட்டி வைக்கணுமான்னு தோணிச்சு. எடுத்ததுமே முன்னால விடச் சொன்னேன் அவ பயிற்சியாளர்கிட்ட. முதல் அறுநூறு மீட்டரை முப்பத்தஞ்சு செகண்டுல தாண்டிட்டா எவனும் பிடிக்க முடியாதுன்னு எழுதிக் கொடுத்தேன்."

"தாண்டினாளா?"

"முப்பத்தஞ்சேதான்."

"யாராச்சும் பிடிச்சாங்களா?"

"இல்ல. கடைசி வளைவு வரைக்கும் அவதான் முன்னால. அங்கதான் முன்னங்கால் முறிஞ்சு…"



"அப்போ கணக்கு சரிதானே சார்."

அதைக் கேட்கத்தான் வரதன் பயந்துகொண்டிருந்தார். நாலு நாளாகத் தாள் தாளாகப் புரட்டியது ஒரே ஒரு பிழைக்காக. ஒரு கூட்டல் தப்பியிருந்தால்கூடப் போதும், பழியை அதன் தலையில் போட்டுவிட்டு அழலாம். ஒன்றுமே தப்பவில்லை.

"இன்னொன்னு இருக்கு மாஸ்டர்."

"சொல்லுங்க."

"அவ விழுந்ததும் என் விரல் ஸ்டாப்வாட்சை அமுக்கிருச்சு. டாக்டர் வந்து, இனி ஆகாதுன்னு ஊசி போட்டார். தலை சாஞ்சுது. அப்ப மறுபடியும் அமுக்கிருச்சு. நான் நினைச்சுச் செய்யல மாஸ்டர். சத்தியமாச் சொல்றேன். கை தானா…"

"எவ்வளவு?"

வரதன் கண்ணை மூடிக்கொண்டார்.

"பதினோரு நிமிஷம், நாப்பது செகண்ட்."

மாஸ்டர் பிரஷைக் கீழே வைத்தார். பக்கத்தில் ஆம்பலின் கொட்டடி காலியாக இருந்தது. அதில் இன்னும் புது வைக்கோல் பரப்பியிருந்தது.

"அவ்வளவு நேரமும் அவ தலையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தது யாரு?"

"குதிரைக்காரர் முனிரத்தினம். மடியில வெச்சிருந்தார். ஜாக்கி கழுத்தைத் தடவிக்கிட்டே இருந்தார்."

"நீங்க?"

"நான் கேலரியில… பைனாகுலர்ல பார்த்துக்கிட்டு…"

"கேலரியிலேர்ந்து அந்த வளைவுக்கு நடந்து போக எவ்வளவு நேரமாகும் சார்?"

வரதனுக்கு விடை உடனே வந்தது. அதுவும் சரியான விடைதான்.

"நாலு நிமிஷம்," என்றார்.