மூலையில் ஒட்டிய காந்தம்

குளித்தலைப் பக்கம் ஒரு சின்ன மடம். அதன் அன்னதானக் கூடத்துக்குத் தட்டு கழுவ எவர்சில்வர் தொட்டி ஒன்று வந்து இறங்கியது. துவாக்குடியில் பட்டறை வைத்திருக்கும் பாக்கியநாதன் செய்து கொண்டுவந்தது.

சடையப்பருக்கு அன்று மனசே சரியில்லை. கரூரில் பாத்திரக்கடை நடத்தியவர் அவர். மனைவி வடிவு காலமானபின் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு மடத்துக்கு வந்துவிட்டார். மடத்துச் சாமிக்கு அவரைவிட வயது குறைவு. இருந்தாலும் சாமி சாமிதானே. வருகிற வெள்ளிக்கிழமை அவர் கையால் காவி வாங்குவதாக ஏற்பாடு.

முந்தாநாள் கடைத்தெருவுக்குப் போனவர், பாத்திரத்தில் பேர் வெட்டும் மிஷின் சத்தம் கேட்டு அப்படியே நின்றுவிட்டார். கடையில் வடிவுதான் பேர் வெட்டுவாள். உதட்டைக் கடித்துக்கொண்டு முத்து முத்தாக வெட்டுவாள். கல்யாணச் சீர் எடுக்க வந்த பெண்ணிடம், "மாப்பிள்ளை பேரையும் சேர்த்து வெட்டிடவா?" என்று கேட்டு வெட்கப்பட வைப்பாள். அதெல்லாம் என்ன நாள்! நினைத்து நினைத்து மனுஷன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

தொட்டியைப் பார்த்ததும் அவருக்குள் இருந்த வியாபாரி எழுந்துகொண்டார். நல்ல எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது என்பது அவர் கணக்கு; சோதிக்க நூலில் கட்டிய காந்தம் இன்னும் மடியில்தான் இருந்தது. தொட்டியின் நடுவில் வைத்தார், ஒட்டவில்லை. மூலையில் தொங்கவிட்டார். மெல்ல நகர்ந்து போய் ஒட்டிக்கொண்டது.

"இது போலி. எடுத்துட்டுப் போங்க."

பாக்கியநாதனுக்கு முகம் செத்துவிட்டது. "ஐயா, சுத்தமான த்ரீ நாட் ஃபோர், உசந்த ரகத் தகடு. மடத்து வேலையில போய்க் கை வைப்பேனா? வெளியில தெரிஞ்சா எனக்கு யாரு வேலை குடுப்பாங்க?"

"காந்தம் பொய் சொல்லாது."

பேச்சுச் சத்தம் கேட்டுச் சாமி வந்தார். காவி கட்டுமுன் துவாக்குடியில் வெல்டராக இருந்தவர் அவர்.

"இந்தத் தகட்டுல வெட்டி மீந்த துண்டு இருக்கா?"

பாக்கியநாதன் வண்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்துவந்தார்.

"வச்சுப் பாருங்க, கடைக்காரரே."

ஒட்டவில்லை. சாமி அதைப் படிக்கல்லின் விளிம்பில் வைத்துச் சுத்தியலால் மடக்கினார். நிமிர்த்தி, மறுபடியும் அடித்து மடக்கினார்.

"இப்ப மடிப்புல வைங்க."

காந்தம் லேசாகத்தான் இழுத்தது. ஆனாலும் இழுத்தது.

"என்ன சாமி இது?"

"அடிச்சு மடக்குன இடத்துல மட்டும் இந்தக் குணம் வரும். தகடு அதே தகடுதான். ஏன், காந்தம் ஒட்டாத பாத்திரம் துரு ஏறி உங்க கடைக்குத் திரும்பி வந்ததே இல்லையா?"

"வந்திருக்கு. அது மட்டத் தகடு."

"இண்டக்‌ஷன் அடுப்புக்குன்னு குடுத்தது?"

"அதுல காந்தம் ஒட்டணும். அதுவும் எவர்சில்வர்தான்." சொல்லும்போதே சடையப்பர் குரல் இறங்கிவிட்டது. பாக்கியநாதன் பக்கம் திரும்பினார். "அவசரப்பட்டுட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

"பரவால்ல, ஐயா."

பாக்கியநாதன் தொட்டியைப் பொருத்தக் கூடத்துக்குள் போனார். சடையப்பர் மட்டும் படிக்கட்டில் உட்கார்ந்தார்.

"சாமி, வெள்ளிக்கிழமை வேண்டாம். நான் ஊருக்கே போயிடறேன்."

"ஏன்?"

"கடையை விட்டேன், வீட்டை விட்டேன். அவ நினைப்பை விட முடியல. எங்க போனாலும் ஒட்டிக்கிட்டே வருது. தொட்டியைச் சொன்னேனே, நான்தான் போலி."

கண் கலங்கிவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டார். சாமி அந்த மடக்கிய தகட்டை அவர் கையில் கொடுத்தார்.

"பழுக்கக் காய்ச்சினா இந்த ஒட்டற குணம் போயிடுமா, சாமி?"

"போயிடும். சில தகடு கோணிப் போயிடும்."

சடையப்பர் தகட்டைப் படியில் வைத்தார். "அவளைப் பார்க்காமலே இங்க வந்திருக்கலாம். சுத்தமா இருந்திருப்பேன்."

"வெள்ளிக்கிழமை வந்துடுங்க," என்றார் சாமி. "மடக்காத தகட்டுல காந்தம் ஒட்டாது. தண்ணியும் நிக்காது."