ஆடிய கல்லுக்கு அரக்கு

"யார் என்ன சொன்னாலும் ஆடாத மனசு வேணும். அதுக்கு என்ன செய்யணும்?" என்று கேட்டார் தணிகாசலம்.

குரு கண்ணில் மாட்டியிருந்த லென்ஸை எடுக்கவில்லை.

"முதல்ல அந்த ஃபேனை நிறுத்துங்க சார். இங்க ஒரு ஸ்க்ரூ பறந்துரும்."

தணிகாசலம் ஃபேனை நிறுத்தினார். வியர்த்துக் கொட்டியது. மறுபடியும் கேட்டார்.

"எப்ப வேணும்?" என்றார் குரு.

"மத்தியானத்துக்குள்ள."

குரு சிரித்துவிட்டார். லென்ஸ் கழன்று மடியில் விழுந்தது.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் வாட்ச் கடை அது. குருவின் பெயர் சகாயமேரி. நாற்பது வயதுகூட ஆகவில்லை. சாவி கொடுக்கும் பழைய வாட்ச்சுகளைத் தேடிப் பிடித்துக் கட்டிக்கொள்ளும் பைத்தியம் இப்போது பலரைப் பிடித்திருப்பதால் அவர் கடையில் எந்நேரமும் ஆள் இருக்கும்.

தணிகாசலத்துக்கு வயது அறுபது. அதே பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் ஊருக்கு நேரம் சொன்னவருக்கு, அந்த நேரம் உள்ளே எப்படி நடக்கிறது என்று பார்க்க ஆசை வந்தது. வேலை கற்றுக்கொள்ள வந்தார். வந்த அன்றே "குருவே" என்று கும்பிட்டார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

தன்னைவிடச் சின்னவரிடம் கற்றுக்கொள்வதில் தனக்கு வெட்கமே இல்லை என்று அவர் எல்லோரிடமும் சொல்வார். யாரும் கேட்காவிட்டாலும் சொல்வார்.

"என்ன நடந்துச்சு? அதைச் சொல்லுங்க," என்றார் குரு.

"சகலை போன் பண்ணினாரு."

பழனியில் சகலையின் பேத்திக்குப் போன வாரம் காதுகுத்து. பந்தியில் தணிகாசலத்தின் மனைவி விசாலாட்சி உரக்கச் சொன்னார். "ஊர்ல ஓடுற பஸ்ஸையெல்லாம் டயத்துக்கு அனுப்பி வச்ச மனுசன். எனக்குத் தாலி கட்ட மட்டும் முகூர்த்தம் முடியப் போற நேரத்துல வந்து நின்னாரு."

பந்தியே சிரித்தது. ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவர் இலைக்குப் பதிலாகத் தரையில் ஊற்றினார்.

தணிகாசலம் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. இலையை மூடிவிட்டு எழுந்து, ஒரு வார்த்தை பேசாமல் தனியாக பஸ் ஏறி வந்துவிட்டார். அது அவர் வழக்கம். மனதில் ஏதாவது தைத்தால் பேச்சு நின்றுவிடும். முகம் இறுகிவிடும். சில சமயம் ஒரு நாள், சில சமயம் ஒரு வாரம். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். இதற்கு அவர் வைத்திருந்த பெயர் பொறுமை.

விசாலாட்சி தங்கை வீட்டிலேயே தங்கிவிட்டார்.

"நாங்க இன்னைக்கு மத்தியானத்துக்கு மேல சென்னைக்குக் கிளம்புறோம்," என்று சகலை போனில் சொல்லியிருந்தார். "மதினியும் கூட வந்து உங்க மகன் வீட்டுல இருந்துக்கிறேங்குறாங்க. கூப்பிட வர்றதா இருந்தா இன்னைக்கே வந்துருங்க அண்ணே."

இதைச் சொல்லி முடித்த தணிகாசலம் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அங்க போயிட்டா அவ திரும்பி வர மாட்டா. எனக்குத் தெரியும்."

"அப்ப போய்க் கூட்டிட்டு வாங்க."

"போனா சகலை முன்னாடி இன்னொண்ணு சொல்லுவா. அவ வாய் சும்மா இருக்காது. நான் மறுபடியும் ஒண்ணும் பேசாம திரும்பி வந்துருவேன். அதான் கேக்குறேன். அவ என்ன சொன்னாலும் உள்ள ஒண்ணும் அசையக் கூடாது. அப்படி ஒரு மனசு இருந்தா இப்பவே கிளம்பிருவேன்."

குரு மேசை விளக்கைத் திருப்பி வைத்தார்.

"உங்க வாட்ச்சைக் கழுவி எண்ணெய் போடச் சொன்னேனே. போட்டீங்களா?"

தணிகாசலத்தின் முகம் மலர்ந்தது. தன் துயரத்தைக் கொஞ்ச நேரம் மறந்தேபோனார்.

கையில் கட்டியிருந்ததைக் கழற்றிக் கொடுத்தார். அது மாமனார் போட்ட வாட்ச். கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் கையில் மாமனார் கட்டிவிடுவது அந்தக் குடும்பத்து வழக்கம். இந்த மாப்பிள்ளைக்குக் கட்டும்போது அவர் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டைச் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் பேசுவார்கள்.

"போட்டேன். அது மட்டுமில்ல, உள்ள ஒரு கோளாறையும் கண்டுபிடிச்சேன்."

"என்ன கோளாறு?"

"இப்படியும் அப்படியுமா சுத்துதே, அந்த பேலன்ஸ் சக்கரம். அதோட அச்சு முனை ஒரு குட்டிச் சிவப்புக் கல்லுல நிக்குதுல்ல? அந்தக் கல்லை இடுக்கியால தொட்டா ஆடுது. ஆடுற இடத்துல அச்சு எப்படி நிக்கும்? அதான் சுத்தி வர அரக்கு வச்சு ஒட்டிட்டேன். இப்ப அசையவே அசையாது."

குரு வாட்ச்சைக் காதருகே வைத்துக் கேட்டார்.

"ஓடுது."

"நல்லா ஓடுது," என்று திருத்தினார் தணிகாசலம்.

குரு அதை மேசையில் வைத்தார். தன் கையில் இருந்த வாட்ச்சைக் கழற்றினார். அதுவும் பழையதுதான். எழுந்து நின்று, நெஞ்சளவு உயரத்தில் பிடித்து, சிமெண்டுத் தரையில் விட்டார்.

டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு வாடிக்கையாளர் "ஐயையோ" என்றார்.

தணிகாசலம் பாய்ந்து எடுத்தார். காதில் வைத்தார். ஓடிக்கொண்டிருந்தது. விநாடி முள் ஒன்றுமே நடக்காதது போல் போய்க்கொண்டிருந்தது.

"இதுலயும் அந்தக் கல்லு ஆடும்," என்றார் குரு.

தணிகாசலம் யோசித்தார்.

"ஆடுற கல்லே இவ்வளவு தாங்குதுன்னா, ஒட்டின கல்லு இன்னும் நல்லா தாங்கும்."

"சார், வேணாம்."

அதற்குள் விட்டுவிட்டார். நாள் முழுக்கப் பஸ்களை நிறுத்தி வைத்த மனிதருக்குத் தன் கையை நிறுத்தத் தெரியவில்லை.

வாட்ச் அதே தரையில், அதே இடத்தில்தான் விழுந்தது. எடுத்தார். காதில் வைத்தார். உதறினார். மறுபடியும் காதில் வைத்தார். சாவியைத் திருகினார்.

பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அழுதுவிடுவார் போலிருந்தது.

"மாமனார் போட்டது," என்றார் யாரிடமோ.

குரு லென்ஸை மாட்டிக்கொண்டு பின்மூடியைத் திறந்து பார்த்தார். லென்ஸைக் கழற்றி அவரிடம் கொடுத்தார்.

"அச்சு முனை முறிஞ்சிருக்கு. பாருங்க."

பார்த்தார். முறிந்த துண்டு தூசி அளவுகூட இல்லை.

"நான்தான் அசையாம ஒட்டியிருந்தேனே."

"ஆமா."

குரு இப்போது தன் வாட்ச்சின் பின்மூடியைத் திறந்து அவர் முன்னால் வைத்தார்.

"அந்தக் கல்லை இடுக்கியால லேசா அமுக்குங்க."

அமுக்கினார். கல் கீழே இறங்கியது. பக்கவாட்டில் தள்ளினார். சரிந்து நகர்ந்தது. இடுக்கியை எடுத்தார். கல் தன் குழிக்கே வந்து உட்கார்ந்தது. அதன் மேல் மெட்டி போல வளைந்த, கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன ஸ்பிரிங் ஒன்று இருந்தது. அவர் வாட்ச்சிலும் அது இருந்தது. அவர்தான் அதன் மேலும் அரக்கைப் பூசியிருந்தார்.

"அச்சு முனை தலைமுடியைவிட மெலிசு சார். அடி தாங்காது. கீழ விழுந்தா கல்லு விலகிக் குடுக்கும். முனை தப்பிச்சுக்கும்."

"அப்ப அடியை யாரு வாங்குறது?"

"அச்சோட தடிச்ச பாகம். அது போய் இந்த உலோக விளிம்புல இடிக்கும். அதுக்கு அந்தத் தெம்பு இருக்கு."

"விலகின கல்லு விலகினபடியே நின்னுட்டா?"

"ஸ்பிரிங் இருக்குல்ல. திரும்பக் கொண்டாந்து உக்கார வச்சிரும்."

"எவ்வளவு நேரத்துல?"

"நீங்க குனிஞ்சு வாட்ச்சை எடுக்குறதுக்கு ரொம்ப முன்னாடியே."

"இந்த ஏற்பாடு வர்றதுக்கு முந்தின வாட்ச்செல்லாம்?"

"ஒரு தடவை விழுந்தா நேரா ரிப்பேருக்குத்தான்."

தணிகாசலம் கல்லை இன்னொரு தடவை அமுக்கினார். விட்டார். அமுக்கினார். விட்டார். அது ஒவ்வொரு தடவையும் வந்து உட்கார்ந்தது.

"போதும் சார். அது என் வாட்ச்."

அவர் இடுக்கியைக் கீழே வைத்தார்.

"நான் அதைக் கோளாறுன்னு நெனச்சேன் மேரிம்மா."

"தொட்டா ஆடுது. பாக்குற யாருக்கும் அப்படித்தான் தோணும்."

குரு உடைந்த வாட்ச்சை ஒரு சின்ன டப்பாவில் போட்டு மூடினார்.

"புது அச்சு போட்டுரலாம். அந்த அரக்கை ஸ்பிரிட்டுல கரைச்சு எடுக்கணும். அதுதான் பெரிய வேலை."

தணிகாசலம் எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"என் கேள்விக்கு நீங்க பதிலே சொல்லலை."

"பழனி பஸ் எப்ப?"

"பன்னெண்டே கால். அதை விட்டா ஒண்ணு பத்து. நடுவுல ஒட்டன்சத்திரம் வரைக்கும் ஒண்ணு போகும், ஆனா அது சுத்திக்கிட்டு..."

"இப்ப மணி என்ன?"

தணிகாசலம் கையைப் பார்த்தார். கையில் ஒன்றும் இல்லை. சுவரைப் பார்த்தார். அங்கே வரிசையாக மாட்டியிருந்த கடிகாரங்கள் ஆளுக்கொரு நேரம் காட்டின.

செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார்.

"ஃபேனைப் போட்டுட்டுப் போங்க சார்," என்று குரு கத்தியது அவருக்குக் கேட்கவில்லை. டீ குடித்தவர் எழுந்து போட்டார்.

பஸ்ஸில் அவருக்கு எந்த ஞானமும் வரவில்லை. ஒட்டன்சத்திரம் வரை பசித்தது. அதற்குப் பிறகு பயமாக இருந்தது. சகலை வீட்டில் போய் என்ன சொல்வது என்று யோசித்து யோசித்து, பழனி வந்தபோது யோசித்ததெல்லாம் மறந்துபோயிருந்தது.

சகலை வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. பெட்டிகள் ஏற்றியாகிவிட்டது. விசாலாட்சி ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருந்தார். தங்கை வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வந்துட்டீங்களா!" என்றார் சகலை. நிஜமாகவே சந்தோஷப்பட்டார்.

விசாலாட்சியும் பார்த்தார். முதலில் முகத்தை. பிறகு கையை.

"அப்பா போட்ட வாட்ச் எங்க?"

"ஒடைச்சிட்டேன்."

"எப்படி?"

"நானே கீழ போட்டேன்."

விசாலாட்சி தங்கையிடம் திரும்பினார்.

"கேட்டியாடி? வாட்ச் வேலை கத்துக்கப் போறேன்னு போனாரு. வீட்டுல இருந்த ஒரே வாட்ச்சையும் போட்டு ஒடைச்சிட்டு வந்து நிக்கிறாரு. இன்னும் ஒரு மாசம் படிச்சாருன்னா அந்தப் பொண்ணு கடையையே மூடிட்டுப் போயிரும்."

தங்கை சிரித்தார். சகலை சிரித்தார். யாரென்றே தெரியாத ஆட்டோக்காரரும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

தைத்தது. நன்றாகவே தைத்தது.

முகம் இறுகத் தொடங்குவது தணிகாசலத்துக்கே தெரிந்தது. கால் தானாகத் தெருப்பக்கம் திரும்பிவிட்டது. இன்னும் நாலு எட்டு வைத்தால் முக்குத் திரும்பிவிடலாம். அப்புறம் பஸ் ஸ்டாண்டு, அப்புறம் பூட்டிய வீடு. இந்த ஆட்டோவும் ஸ்டேஷனுக்குப் போய்விடும்.

அவர் அப்படியே நின்றார். பிறகு திரும்பி ஆட்டோவின் அருகே போனார்.

"வலிக்குது, விசாலம்," என்றார்.

சிரிப்பு நின்றது.

"என்ன?"

"இப்படி எல்லார் முன்னாடியும் நீ சொல்றது. வலிக்குது. காதுகுத்துல சொன்னதும் வலிச்சுது." குரல் கொஞ்சம் ஆடியது. ஆடட்டும் என்று விட்டுவிட்டார். "நீ வீட்டுக்கு வந்துரு. நீ இல்லாம என்னால இருக்க முடியலை."

சகலை வேறெங்கோ பார்த்தார். ஆட்டோக்காரர் என்ஜினை நிறுத்தினார்.

விசாலாட்சி கீழே இறங்கினார். தன் பையைத் தானே இழுத்து எடுத்து அவர் கையில் திணித்தார். கண் நிறைந்திருந்தது. ஆனால் பேச்சில் கோபம்தான் இருந்தது.

"இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல இத்தனை வருஷமா? நான் என்ன சொன்னாலும் முகத்துல ஒண்ணும் தெரியாது. உள்ள ஆள் இருக்காரா இல்லையான்னே புரியாது. அதான் ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் பலமாத் தட்டிப் பாத்தேன்."