வழுக்கிவிட்ட மலை

இதை எனக்கு முதலில் சொன்னவர் பட்டம்மா. என் மூத்தவள் பிறந்த ஐப்பசியில், மாயவரம் ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர். வெளியே அடைமழை. எனக்கு வலி தெரியாமலிருக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த மூத்தவளுக்கே இப்போது இரண்டு பிள்ளைகள், கடவுள் புண்ணியத்தில்.

கடலுக்குப் பக்கத்தில், காவிரி வாய்க்கால்கள் வந்து முடிகிற ஒரு கடைமடை ஊர். அங்கே அமிர்தவல்லி அம்மாள் என்று ஒரு குரு இருந்தார். அவருக்கு ஒரே சீடர், வைரக்கண்ணு. சீடர் குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவர். குரு அவரை ‘அண்ணே’ என்பார். அவர் குருவை ‘அம்மா’ என்பார்.

ஊர்க்கோயிலுக்குக் குடமுழுக்கு வந்தது. காவிரி பிறக்கிற இடத்துத் தண்ணீரால் அம்மனைக் குளிப்பாட்ட வேண்டும் என்று ஊருக்கு ஆசை.

“நான் கொண்டாறேன்” என்று வைரக்கண்ணு எழுந்தார்.

“உம்ம முழங்காலை நம்பியா?” என்று யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பே அவரைக் கிளப்பிவிட்டது.

குடகு மலைக்குப் போனார். சுனையில் செப்புக்குடத்தை நிரப்பி, வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, ஒன்றரை மாதம் நடந்தார். குடத்தைத் தரையில் வைக்கவே இல்லை. தூங்கும்போது மடியில். குளிக்கும்போது மரக்கிளையில்.

விடிந்தால் குடமுழுக்கு. முந்தின நாள் பிற்பகல், ஊர் எல்லையில் நாதஸ்வரம் காதில் விழுந்தது. சந்தோஷத்தில் வரப்பில் எட்டிக் கால் வைத்தார். ஈர வண்டல் வழுக்கிவிட்டது. குடம் உருண்டு, அத்தனை தண்ணீரும் வயலில் போய்விட்டது.

சேறும் சகதியுமாக, ஊருக்கு வெளியே வாய்க்கால் கரையில் இருந்த குருவின் முன்னால் வந்து நின்றார்.

“போச்சும்மா. இனி எந்த முகத்தோட ஊருக்குள்ள போவேன்?”

“அடி பட்டுச்சா அண்ணே?”

“இல்ல. மெத்துமெத்துன்னுதான் இருந்துச்சு.”

குருவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “உங்க வீட்டுக் கிணறு வெட்டினப்ப என்ன வந்துச்சு?”

“இப்பக் கிணறா முக்கியம்?”

“சொல்லுங்க.”

“மேல வண்டல். ஆழத்துல கடல் சிப்பி.”

“அப்ப இந்த இடம்?”

“கடலாத்தான் இருந்திருக்கும்.”

“அது மேல வண்டலைக் கொண்டாந்து போட்டது யாரு?”

“ஆறுதான்.”

“ஆத்துக்கு ஏது மண்ணு?”

“மலைப் பாறைய மழை அரைச்சு, அரைச்சு...”

வைரக்கண்ணு நிறுத்தினார். முழங்கைச் சேற்றில் பொடிப்பொடியாக ஏதோ வெயிலில் மின்னியது. சுனைக்கரைக் கல்லில் பார்த்த அதே மினுமினுப்பு.

குரு அந்தச் சேற்றில் ஒரு சிட்டிகை வழித்துக் குடத்தில் போட்டார். வாய்க்காலில் இறங்கி, தண்ணீர் மொண்டு நிரப்பி, அவர் தலையில் ஏற்றினார்.

“ஊர்ல பொய் சொல்லச் சொல்றீங்களாம்மா?”

“எதுக்குப் பொய்? வழுக்கி விழுந்தேன்னே சொல்லுங்க. நீங்க மலையைப் பார்க்கப் போயிட்டீங்க. அது எப்பவோ உங்களைப் பார்க்க இங்க வந்து காத்துக் கிடக்கு. இத்தனை நாள் கழிச்சு வர்ற ஆளை, காலைப் பிடிக்காம விடுமா?”

அவ்வளவுதான். நாளைக்குச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது காலில் மண் ஒட்டினால், உடனே கழுவிவிடாதீர்கள். கொஞ்ச நேரம் இருக்கட்டும்.